கொளுவினால் மட்டும் போதாது

காங்கேசன்துறையில் பல வீடுகளில் மேசைக் கணினியின் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாலே அதன் பூர்வீகம் தெரிந்துவிடும். பக்கவாட்டில் ஏதோ ஒரு கொம்பனியின் இருப்புப் பதிவு ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஓர் அலுவலகத்தில் ஐந்தாறு வருடம் உழைத்துக் களைத்த மதர்போட். பிள்ளை ஏ.எல். எடுக்கிறது, சூம் வகுப்பு இருக்கிறது, மெஷின் இழுக்கிறது. ‘ராம் போட்டால் சரிவரும்’ என்று யாரோ சொல்கிறார்கள். பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் வாங்கி வந்து கொளுவினால் திரை கறுப்பு.

ராம் மாட்டுவதில் வரும் பொருத்தக் கோளாறுகளை ‘அதிஷ்டம் சரியில்லை’, ‘கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்’ என்று முடித்துவிடுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் இரண்டும் இல்லை. வாங்குவதற்கு முன்னரே அறியக்கூடிய, போட்டிலும் ராமிலும் அச்சிட்டே இருக்கிற சில விபரங்களை யாரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு அதில் ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. 1990 ஜூனில் போரினால் காங்கேசன்துறை வெறுமையானபோது உலகத்தில் விற்ற மேசைக் கணினிகளில் நினைவகம் ஒரு சில மெகாபைட்தான். முப்பது பின் கொண்ட சின்னத் துண்டுகளை, 386 மெஷினென்றால் இரண்டிரண்டாகவோ நாலு நாலாகவோ சேர்த்துப் போடவேண்டும். சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, யாழ்தேவி ரயில் நின்றது, ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ரயில் மறுபடி காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஜனவரி 2ஆம் திகதி. ஊரின் நடேஸ்வராக் கல்லூரி வளாகம் திரும்பக் கிடைத்தது 2016 இல். அந்த இடைவெளியில் நினைவகம் எஸ்டிராம், டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 என்று தலைமுறை தலைமுறையாக மாறி டிடிஆர்4 வரை வந்துவிட்டது. சனம் போன இடங்களில் கணினி பழகியது உண்மை. ஆனால் ஊரில் ஒரு கடை வளரவில்லை, பழைய சாமான் பெட்டி வைத்திருக்கும் திருத்துநர் ஒருவர் உருவாகவில்லை. குடாநாட்டுக்கே அந்தக் காலம் இறுக்கம்தான். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி பூட்டப்பட்ட பிறகு சாமான்கள் கப்பலில் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் பருத்தித்துறைக்கும் வந்தன. அரிசியும் மாவும் வருகிற கப்பலில் கணினிச் சாமானுக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே இன்றைக்கும் ஒரு ராம் துண்டுக்கு மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் தாண்டிப் பட்டணம் போகவேண்டியிருக்கிறது. பிழையான துண்டை வாங்கிவிட்டால் அதே தூரம் திரும்ப. யாழ்ப்பாண நகரத்தில் கடைகள் இருக்கும் வீதிகளில் ஒன்றுக்குப் பெயரும் காங்கேசன்துறை வீதிதான் என்பது வேறு கதை.

தெல்லிப்பழைப் பக்கம் திருத்துவேலை செய்யும் ஓர் இளைஞரின் மேசையருகே இருந்தபோது கேட்ட உரையாடல் இது.

“தம்பி, கடையிலை நாலு ஜிபி டிடிஆர்3 எண்டுதான் கேட்டனான். அவையும் அதைத்தான் தந்தவை. கொளுவினா ஒண்டும் வரேல்லை.”

“பழசைத் திரும்பப் போட்டுப் பாத்தனீங்களோ அக்கா?”

“பழசைப் போட்டா வேலை செய்யுது.”

“அப்ப போட்டிலையும் பிழையில்லை, புது ராமிலையும் பிழையில்லை. ரெண்டும் ஒத்துவரேல்லை.”

அவர் புதிய துண்டைத் தன்னுடைய இன்னொரு மெஷினில் போட்டுக் காட்டினார். உடனே வேலை செய்தது. அந்த அக்காவுக்கு அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நல்ல சாமான், ஆனால் தன் வீட்டுக்கு ஆகாது!

அந்த அக்காவின் போட்டில் இருந்தது இன்டெலின் ஜி41 சிப்செட். 2008 இல் வெளிவந்தது. கோர் 2 டுவோ, பென்டியம் டுவல் கோர் காலத்து மலிவான மெஷின்களில் ஏராளமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. ஜி41 போட்களில் சில டிடிஆர்2 ஏற்கும், சில டிடிஆர்3 ஏற்கும், சிலவற்றில் இரண்டுக்கும் ஸ்லொட் உண்டு. டிடிஆர்3 ஏற்கும் போட்டில் ஒரு ஸ்லொட்டுக்கு நாலு ஜிபி போடலாம் என்று கையேடு சொல்லும். அது உண்மை. ஆனால் எல்லா நாலு ஜிபியும் இல்லை.

ராம் துண்டின் மேல் இருக்கும் கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கள். பழைய நாலு ஜிபி துண்டில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு, மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் பதினாறு சில்லுக்கு 32 ஜிகாபிட், அதாவது நாலு ஜிகாபைட். பிறகு சில்லு அடர்த்தி கூடியது. ஒரே சில்லில் 4 ஜிகாபிட் வந்தது. எட்டே சில்லில் நாலு ஜிபி முடிந்துவிடும், பின்பக்கம் வெறுமை. செய்வதற்கு மலிவு, அதனால் கடைகளில் பிந்தி வந்தவை அநேகம் இந்த வகை.

சில்லுக்குள்ளே தரவு நிரையும் நிரலுமாக அடுக்கப்பட்டிருக்கிறது. எத்தனையாவது நிரை என்று கேட்பதற்குத் தனித்தனி முகவரிக் கம்பிகள் உண்டு. 2 ஜிகாபிட் சில்லுக்குப் பதினைந்து கம்பி போதும். 4 ஜிகாபிட் சில்லுக்குப் பதினாறு வேண்டும். ஜி41 இல் அந்தப் பதினாறாவது கம்பி இல்லை. அதனால் ஒரு போட் அந்தத் துண்டைப் பாதியாக, இரண்டு ஜிபியாகக் காட்டும். இன்னொன்று காட்டவே காட்டாது, திரை கறுப்பு. பயோஸ் புதுப்பித்தாலும் இல்லாத கம்பி வராது.

அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது ஸ்டிக்கரில் ‘2ஆர்எக்ஸ்8’ என்று இருக்கும் துண்டு. அவரிடம் இருந்தது ‘1ஆர்எக்ஸ்8’. மொத்தப் பிரச்சினையும் அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்.

ஸ்டிக்கர் வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பயணம் மிச்சம். ‘4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யூ’ என்று இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கொள்ளளவு. ‘2ஆர்’ என்றால் சில்லுகள் இரண்டு தொகுதியாக அமைந்திருக்கின்றன. ‘எக்ஸ்8’ என்றால் ஒவ்வொரு சில்லும் ஒரு தடவைக்கு எட்டு பிட் தரும். ‘பிசி3’ என்றால் டிடிஆர்3. 10600 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் கடத்தலாம் என்ற கணக்கு. கடையில் 1333 என்று சொல்வது இதைத்தான், 12800 என்று இருந்தால் அது 1600. கடைசியில் நிற்கும் ‘யூ’ சின்ன எழுத்து, பெரிய விஷயம். சாதாரண மேசைக் கணினி ராம் என்பதற்கான அடையாளம் அது. அந்த இடத்தில் ‘எஸ்’ இருந்தால் மடிக்கணினித் துண்டு, நீளத்திலேயே தெரியும். ‘ஆர்’ இருந்தால் சேர்வர் ராம்.

இந்த ‘ஆர்’ விழுத்திய ஆட்கள் கொஞ்சமல்ல. வெளிநாட்டுத் தரவு மையங்கள் கழித்துவிடும் சேர்வர் ராம்கள் எட்டு ஜிபி, பதினாறு ஜிபி என்று நம்பமுடியாத விலைக்கு ஒன்லைனில் கிடைக்கும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் சேர்வர் துண்டு மேசைக் கணினியின் ஸ்லொட்டுக்குள் அழகாக இறங்கும். வெட்டும் பொருந்தும், கிளிப்பும் பூட்டும். மெஷின் மட்டும் எழும்பாது. சேர்வர் துண்டின் நடுவில் கட்டளைகளை வாங்கிக் கைமாற்றும் ஒரு தனிச் சில்லு இருக்கிறது. சாதாரண மேசைப் போட்டுக்கு அந்தப் பேச்சு விளங்காது. டிடிஆர்5 இல்தான் வெட்டையே இடம் மாற்றி, சேர்வர் துண்டு மேசைக் கணினிக்குள் போகாதபடி செய்திருக்கிறார்கள். முதலிலேயே செய்திருக்கலாம்.

அதேபோல இன்னொரு சரக்கு, ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று போட்டு மலிவாக விற்கப்படும் டிடிஆர்2, டிடிஆர்3 துண்டுகள். இவற்றில் இருப்பவை எட்டுக்குப் பதிலாக நாலு நாலு பிட்டாகத் தரும் சில்லுகள். அவற்றுக்கு நிரல் முகவரி ஒரு பிட் கூடத் தேவை. ஏஎம்டி புரோசசர்களின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி அதைச் சமாளிக்கும், இன்டெல் மேசைக் கணினிகள் சமாளிக்கா. விளம்பரத்தில் ‘ஏஎம்டி’ என்ற சொல்லைக் கண்டும் விலையைப் பார்த்து மனம் இளகி, இன்டெல் மெஷினுக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரையும் குறைசொல்ல முடியாது, அப்படிச் சொல்லியேதான் விற்றிருக்கிறார்கள்.

தலைமுறை மாறிப் போடுவது மட்டும் பெரும்பாலும் நடக்காது. டிடிஆர்2 க்கும் டிடிஆர்3 க்கும் 240 பின்தான், டிடிஆர்4 க்கும் டிடிஆர்5 க்கும் 288 தான். ஆனால் தங்க விளிம்பில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2 க்கு 1.8 வோல்ற், டிடிஆர்3 க்கு 1.5, டிடிஆர்4 க்கு 1.2, டிடிஆர்5 க்கு 1.1. வெட்டு மறுத்தால் மரியாதையாக விட்டுவிட வேண்டும். ‘கொஞ்சம் இறுக்கமா இருக்கு’ என்று பெருவிரலால் அழுத்தி ஸ்லொட்டை உடைத்த போட்கள் திருத்துகடைகளில் கிடக்கின்றன. இரு பக்கமும் கிளிப் தானாக ‘டக்’ என்று பூட்டவேண்டும். அதற்கு மேல் பலம் தேவையில்லை.

குழப்பம் வருவது ஒரே காலத்தில் இரண்டு தலைமுறை ஓடும் இடங்களில். இன்டெலின் 6ஆம் தலைமுறை மெஷின்களில் சில டிடிஆர்4, சில 1.35 வோல்ற் டிடிஆர்3எல். 12ஆம் தலைமுறையில் சில டிடிஆர்4, சில டிடிஆர்5. புரோசசர் பெயரைச் சொல்லி ராம் கேட்டால் அங்கே சரியான பதில் கிடைக்காது. போட்டின் பெயர்தான் வேண்டும். பிரான்ட் மெஷின்களில் இன்னும் ஒரு படி கவனம்: அலுவலகங்களில் இருந்து வரும் கையடக்கமான சின்னப் பெட்டிகள் பார்வைக்கு மேசைக் கணினி, உள்ளே போடுவது மடிக்கணினி ராம்.

சரி, ஏற்கெனவே உள்ள துண்டோடு இன்னொன்றைச் சேர்ப்பது? ‘ரெண்டும் ஒரே கொம்பனியா இருக்கவேணும்’ என்று அடித்துச் சொல்வார்கள். அது பிடிவாதம். ஸ்டிக்கரில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு அநேகமாக சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூவரில் ஒருவருடையது. ஒவ்வொரு துண்டிலும் தன் வேகம், நேரக்கணக்கு, கொள்ளளவு எல்லாம் பதிந்துவைத்த ஒரு குட்டிச் சில்லு உண்டு. மெஷின் எழும்பும்போது பயோஸ் அதை வாசித்து, எல்லோருக்கும் ஏற்ற வேகத்தைத் தெரிவுசெய்கிறது. 1333 உம் 1600 உம் சேர்ந்தால் இரண்டும் 1333 இல் ஓடும். நட்டம் சிறிது, ஆபத்து இல்லை. ஒரே அளவுத் துண்டு இரண்டை உரிய சோடி ஸ்லொட்களில் போட்டால் இரண்டு தடத்திலும் சமமாக ஓடி வேகம் கூடும் என்பது உண்மை. அதற்காக நல்ல நாலு ஜிபியைக் கழட்டி எறிந்துவிட்டுச் சோடியாகத்தான் வாங்குவேன் என்று நிற்பது வீண்செலவு. டிடிஆர்5 இல் இந்தத் தாராளம் குறைவு. அங்கே கலந்து போட்டால் அடம்பிடிக்கும், நாலு துண்டு போட்டால் வேகம் விழும். முதல் தடவை போடும்போது மெஷின் ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து பவரை நிற்பாட்டிவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள்.

கடையோடு சண்டை பிடிக்க வைக்கும் இன்னொரு காட்சி: நாலு ஜிபி போட்டேன், மூன்றேகாலைத்தான் காட்டுகிறது. துண்டில் குறை இல்லை. 32 பிட் விண்டோஸ் ஏறியிருக்கிறது. அதற்கு எட்டும் முகவரி மொத்தமே நாலு ஜிபி. அதில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் அட்டையும் மற்றச் சாதனங்களும் பிடித்துக்கொள்ளும். மிச்சம்தான் ராமுக்கு. 64 பிட் விண்டோஸ் ஏற்றினால் காணாமல்போனது பெரும்பாலும் திரும்பி வரும். கோர் 2 டுவோகூட 64 பிட் தாங்கும்.

இனி வருவது பொருத்தக் கோளாறுபோல வேடம் போடும் வேறொன்று. காங்கேசன்துறை வடக்குப் பார்த்த கடற்கரை. வாடைக்காற்று நேரே கடலில் இருந்து வீட்டுக்குள் வருகிறது, உப்போடும் ஈரத்தோடும். கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் கறள் பிடிக்கிற ஊரில் கணினிக்கு மட்டும் விலக்கு இல்லை. ராம் விளிம்பில் இருக்கும் தங்கம் தங்கம்தான், ஆனால் மிக மெல்லிய பூச்சு. கீழே நிக்கலும் அதற்குக் கீழே செம்பும். பூச்சில் உள்ள நுண்துளைகளூடாக உப்பீரம் இறங்கினால் தொடுமுனை மங்கும். நாலு வருடம் அசையாமல் இருந்த துண்டு ஒருநாள் புதுத் துண்டு போடும்போது சற்றே அசைகிறது, அத்தோடு தொடர்பு விட்டுப்போகிறது. ‘புது ராம் போட்டதும் பழசும் செத்துப்போச்சு’ என்பார்கள். சாகவில்லை. கழட்டித் துடைத்து மறுபடி கொளுவினால் எழும்பும்.

எங்கள் ஊரில் துடைப்பதற்கு அழிறப்பர்தான். ஒருமுறை, மெதுவாக என்றால் பரவாயில்லை. மாதம் ஒருதடவை அழுத்தித் தேய்த்தால் அந்த மெல்லிய தங்கமும் போய்விடும். ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடைப்பது நல்லது. ஸ்லொட்டைத் தூரிகையால் தட்டிவிட்டால் போதும். பிளக்கைக் கழட்டிவிட்டுத்தான் இதெல்லாம். பவர் நிறுத்தியிருந்தாலும் பிளக் இருந்தால் போட்டில் மின் ஓட்டம் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். கை மின்னேற்றம் பற்றி இணைய வீடியோக்களில் பயமுறுத்துவார்கள். குளிர்நாட்டு வறண்ட அறைகளில் அது மெய்யான பயம். எங்கள் ஈரலிப்பில் அவ்வளவு இல்லை, ஆனாலும் பெட்டியின் இரும்பை ஒருதரம் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதில் நட்டமில்லை. பொருந்தாத துண்டைக் கழட்டிப் பழையதைப் போட்டும் எழும்பாவிட்டால் போட்டில் உள்ள வட்டப் பற்றரியைச் சில நிமிடம் கழட்டிவைத்துப் போடுங்கள். பயோஸ் தன் பழைய கணக்கை மறந்து புதிதாகத் தொடங்கும்.

மெஷின் எழும்பி, ஆனால் இடைக்கிடை நீலத் திரை வந்தால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். கிறிஸ் பிரேடி என்பவர் 1994 இல் வெளியிட்டது. இன்னும் அதற்கு நிகரான சோதனை குறைவு. ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டு ஆகாது, ‘ஒண்டுதானே’ என்ற சமாதானம் வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு கேட்கவேண்டிய கேள்வி, ராம் போடத்தான் வேண்டுமா? விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு ‘ராம் கூட்டினா 11 போடலாம்தானே’ என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். விண்டோஸ் 11 குறைந்தது நாலு ஜிபி ராம் கேட்கிறது என்பது சரி. ஆனால் அதிகாரபூர்வமாக இன்டெல் 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. கோர் 2 டுவோவுக்குப் பதினாறு ஜிபி போட முடிந்தாலும் அந்தக் கதவு திறக்காது. பழைய மெஷின் இழுப்பதற்குக் காரணம் அநேகமாக அதன் ஹார்ட் டிஸ்க். இரண்டு ஜிபி இருந்தால் நாலாக்குங்கள், நாலு இருந்தால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், ராமைப் பிறகு பார்ப்போம். இதில் நான் பிடிவாதக்காரன்.

விலையும் அதைத்தான் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை விழுங்கத் தொடங்கிய பிறகு, 2025 இன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் எகிறியது. மைக்ரோன் தன் ‘குருஷல்’ பெயரிலான நுகர்வோர் வணிகத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இங்கே அதற்கு மேல் டொலர் விலை, 18 வீத வற். முன்பு பிழையாக வாங்கிய துண்டை மேசை லாச்சியில் போட்டுவிட்டு மறந்துவிடலாம், இனி அது கட்டாது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, போய்வரும் சொந்தக்காரரிடம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லும் யோசனையும் காதில் விழுகிறது. வாங்கலாம், ஆனால் ஒத்துவராவிட்டால் மாற்றுவதற்குக் கடல் கடக்கவேண்டும்.

எனவே பஸ் ஏறுமுன் பெட்டியைத் திறவுங்கள். போட்டில் அச்சிட்டிருக்கும் பெயர், இலக்கம், இப்போது இருக்கும் ராமின் ஸ்டிக்கர், ஸ்லொட் எத்தனை, இவற்றைப் போனில் படம் எடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் எல்லாவற்றையும் சொல்லும். அந்தப் போட்டின் கையேட்டை இணையத்தில் தேடி எவ்வளவு ராம் ஏற்கும் என்று பாருங்கள். கடையில் படத்தைக் காட்டி வாங்குங்கள். பில் எழுதும்போது போட்டின் பெயரையும் எழுதி, ‘இதற்குப் பொருந்தாவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான கடை எழுதித் தரும். முகத்தைச் சுளித்தால் காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள், பட்டணத்தில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான்.